ஒரு துப்பாக்கிச் சத்தம் அமிகாவுக்குப் போன கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் ஜெர்மனியிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். அங்கே பழைய சாமான் சந்தையில் 'அமிகா 1200' என்ற கம்ப்யூட்டரை வாங்கியிருக்கிறானாம். 1992இல் வந்த மாடல். 'டூம்' விளையாட்டின் சத்தங்களை அதில் கேட்க வேண்டும் என்று இரண்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். "சார், ஃபைல் ஒழுங்காத்தான் காப்பி ஆச்சு. ஓட விட்டா துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதிலா தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரே இரைச்சல்" என்றான். பக்கத்தில் இருந்த என் தம்பி, "ஒரு விளையாட்டுச் சத்தத்துக்கு இவ்வளவு மெனக்கெடலா?" என்று சிரித்தான்.

அவன் சிரித்தது நியாயம்தான். ஆனால் அந்த இரைச்சலுக்குக் காரணம் தேடிப் போனபோது, நம் வீட்டு அலமாரி வரைக்கும் வந்து தொடுகிற ஒரு வரலாறு கிடைத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த ஒன்று. ஒரு காலத்தில் பள்ளியில் கேள்வித்தாள்களைப் பாமினி எழுத்துருவில்தான் அடிப்போம். 'அம்மா' என்று வர வேண்டுமானால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். பாமினி இருக்கிற கம்ப்யூட்டரில் 'அம்மா' தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். கோப்பில் ஒரு பைட் கூடக் கெட்டிருக்காது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணைதான் கையில் இல்லை.

ஒலிக்கோப்பும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரருக்கு மணிக்கொரு முறை வெப்பம் பார்த்து அட்டவணையில் புள்ளி வைப்பார்கள் அல்லவா? ஒலியின் அதிர்வையும் அதேபோல் சீரான இடைவெளியில் அளந்து எண்களாக எழுதி வைக்கிறார்கள். டூம் விளையாட்டின் பெரும்பாலான சத்தங்களில் வினாடிக்கு 11025 அளவுகள். ஓர் அளவுக்கு ஒரு பைட். அந்த எண்களை எந்த வேகத்தில், எந்தக் கணக்கில் படிக்க வேண்டும் என்று தெரிந்தால் அது துப்பாக்கிச் சத்தம். தெரியாவிட்டால் தகரம் கிழிகிற சத்தம்.

இனி கதைக்கு வருவோம்.

1985 ஜூலையில் நியூயார்க்கில் கமடோர் நிறுவனம் அமிகாவை அறிமுகப்படுத்தியது. அந்த நாளில் ஐ.பி.எம். பிசிக்களில் இருந்தது 'பீப்' என்று கத்துகிற ஒரு சின்ன ஸ்பீக்கர்தான். அமிகாவிலோ ஒலிக்கென்றே 'பவுலா' என்ற சிப் இருந்தது. நான்கு ஒலிகளை ஒரே நேரத்தில் எழுப்பும். இரண்டு இடப்பக்க ஸ்பீக்கருக்கு, இரண்டு வலப்பக்கத்துக்கு. ஒவ்வோர் அளவும் 8 பிட், அதாவது 256 படிகள். பின்னால் வந்த மாடல்களில் ஒரு வேடிக்கை உண்டு. கூர்மையான ஒலிகளை மழுக்குகிற வடிகட்டி ஒன்று உள்ளே இருக்கும். அதை நிறுத்தினால் மின்சார விளக்கின் வெளிச்சமும் மங்கும். விளக்கைப் பார்த்தே ஒலி எப்படி வரும் என்று சொல்லிவிடலாம்.

அந்த ஆண்டே இன்னொரு முக்கியமான காரியமும் நடந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தில் ஜெர்ரி மாரிசன் என்பவர் 'ஐ.எஃப்.எஃப்.' என்ற கோப்பு முறையை எழுதி வெளியிட்டார். படம், ஒலி, எழுத்து எதுவானாலும் ஒரு நிரல் எழுதியதை மற்றொரு நிரல் படிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நம் ஊர் டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கின் மேலும் நாலெழுத்துப் பெயரும், உள்ளே எத்தனை பைட் என்ற அளவும் எழுதியிருக்கும். உனக்குத் தெரியாத அடுக்கு வந்தால் அளவைப் பார்த்துத் தாண்டிப் போ. தெரிந்த அடுக்கைத் திறந்து சாப்பிடு. இவ்வளவுதான் சட்டம்.

அதில் ஒலிக்கான வகைக்குப் பெயர் '8 எஸ்.வி.எக்ஸ்.'. ஓர் அடுக்கில் ஒலியின் வேகம், நீளம், உரப்பு. இன்னோர் அடுக்கில் ஒலியின் எண்கள். வேண்டுமானால் ஒலியின் பெயர், ஆக்கியவர் பெயர், உரிமைக் குறிப்பு, வேறு ஏதாவது சொல்ல வேண்டியது ஆகியவற்றுக்கும் தனி அடுக்குகள். இந்த விளக்கம் முழுவதையும் கமடோர் தன் நிரலாளர் கையேட்டிலும் அச்சிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பின்பற்றலாம். ஆப்பிள் 1988இல் கொண்டுவந்த ஏ.ஐ.எஃப்.எஃப்., மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் 1991இல் கொண்டுவந்த 'வேவ்' இரண்டும் இந்த டிபன் கேரியரின் வாரிசுகள்தான். இன்று உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் வேவ் கோப்பு அடுக்கு அடுக்காக இருப்பது அதனால்தான்.

1993 டிசம்பர் 10. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் டூம் விளையாட்டின் முதல் பகுதியை இலவசமாக ஏற்றியது. மற்றதை நீங்களே சொல்வீர்கள். உங்களில் சிலர் டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் சென்டரில் விளையாடியது இதைத்தான்!

டூமை ஆக்கியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். படம், வரைபடம், சத்தம் எல்லாவற்றையும் 'வாட்' என்ற ஒரே பெரிய கோப்பில் தனித்தனிப் பெயரிட்டு வைத்தார்கள். ரசிகர்கள் அதைத் திறந்து மாற்றட்டும் என்று தெரிந்தே விட்டுவைத்தார்கள். ஆனால் ஒலி விஷயத்தில் ஒரு குறுக்கு வழியில் போனார்கள். அந்தக் காலத்தில் ஆட்லிப், சவுண்ட் பிளாஸ்டர், ரோலண்ட், கிராவிஸ் என்று ஏகப்பட்ட ஒலி அட்டைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரல் எழுதச் சலித்து, 'டி.எம்.எக்ஸ்.' என்ற ஒலி நூலகத்தை வெளியிலிருந்து உரிமம் பெற்று வாங்கினார்கள். அதை எழுதியவர் பால் ராடெக். அதன் உள்விவரம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டதல்ல.

1994 ஏப்ரல் கடைசியில் கமடோர் நிறுவனம் கடையைக் கட்டியது. அமிகாவுக்கு டூம் வரவே இல்லை.

பிறகு 1997 டிசம்பர் 23 அன்று, ஐடி சாஃப்ட்வேர் டூமின் மூல நிரலை எல்லோருக்கும் வெளியிட்டது. ஜான் கார்மாக் அதனுடன் ஒரு குறிப்பும் எழுதினார். உலகமே விளையாடிய டாஸ் நிரலை வெளியிட முடியவில்லை, லினக்ஸ் வடிவத்தைத்தான் தர முடிகிறது என்றார். காரணம் அந்த உரிமம் பெற்ற ஒலி நூலகம். அது இன்னொருவர் சொத்து. அதைப் பயன்படுத்தியது தவறு, இப்போது ஒலிக்கான நிரலைத் தானே எழுதுவதாகவும் சொன்னார். மைக்ரோசாஃப்ட் செய்த விண்டோஸ் வடிவத்தின் நிரல் என்ன ஆயிற்று என்று தனக்கே தெரியாது என்றும் அதில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். விளையாட்டு வெளிவந்து நான்கே ஆண்டுதான் ஆகியிருந்தது. எழுதியவர்கள் உயிரோடு, அதே தொழிலில் இருந்தார்கள். அதற்குள் ஒரு பகுதி அடுத்தவர் பூட்டில், இன்னொரு பகுதி எங்கே என்றே தெரியவில்லை. வெளிவந்த லினக்ஸ் நிரலில் சத்தத்துக்கு ஒரு தனித் துணை நிரல் இருந்தது. இசை அடியோடு இல்லை.

அப்புறம் எப்படி அமிகாவில் டூம் சத்தம் கேட்டது? இங்கேதான் ரசிகர்களுக்குக் கை கூப்ப வேண்டும். மூல நிரல் வெளிவருவதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1994லேயே, வாட் கோப்பைப் பைட் பைட்டாகப் பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று விளக்கும் ஆவணத்தை எழுதிப் பரப்பியிருந்தார்கள். 'அன்அஃபிஷியல் டூம் ஸ்பெக்ஸ்' என்று பெயர். அதிகாரபூர்வமற்றது என்று பெயரிலேயே ஒப்புக்கொண்ட ஆவணம்! பூட்டிய கதவுக்குச் சாவி செய்து கொடுத்தது அந்த மாதிரி உழைப்புதான். மூல நிரல் வந்தபின் 'ஏடூம்' போன்ற அமிகா வடிவங்கள் விரைவிலேயே வந்துவிட்டன.

இப்போது நம் மாணவனின் முதல் ராத்திரிக்குப் போவோம். கணக்குப் பாடம்தான், பயப்படாதீர்கள்.

டூம் கோப்பில் ஓர் அளவு 0 முதல் 255 வரை இருக்கும். நடுவில் உள்ள 128தான் மௌனம். அமிகாவின் பவுலா சிப்போ −128 முதல் +127 வரை எண்ணும். அதற்கு 0தான் மௌனம். இரண்டுக்கும் 256 படிகள்தான். எண்ணத் தொடங்கும் இடம் மட்டும் வேறு.

மெல்லிய ஒலி ஒன்று 127, 128, 129 என்று நடுக்கோட்டை ஒட்டி மெதுவாக அசைகிறது என்று வையுங்கள். அதே பைட்டுகளை அமிகா தன் கணக்கில் படித்தால் +127, −128, −127 என்று வரும். அதாவது உச்சியிலிருந்து ஒரே தாவலில் பாதாளம்! மெதுவாக ஆட வேண்டிய ஊஞ்சல் ஒவ்வொரு முறையும் கூரையில் இடித்துத் தரையில் விழுகிறது. அதுதான் அவன் கேட்ட தகரச் சத்தம்.

மருந்து மிக எளிது. ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 128ஐக் கழி. 126 என்பது −2 ஆகும், 128 என்பது 0 ஆகும், 130 என்பது 2 ஆகும். திரும்ப வேண்டுமானால் 128ஐக் கூட்டு, பழைய கோப்பு அப்படியே கிடைக்கும். ஒரு துளி இழப்பில்லை.

இரண்டாவது ராத்திரி வேறு சங்கடம். இரைச்சல் போய்விட்டது. ஆனால் துப்பாக்கி வெடிக்க வேண்டிய இடத்தில் ஏதோ குகைக்குள் யானை பிளிறுவது போல இழுத்து இழுத்துக் கேட்கிறதாம். டேப் ரிக்கார்டரில் பேட்டரி தீர்ந்தால் பாட்டு இழுக்குமே, அது மாதிரி.

கோப்பின் தலைப்பில் 11025 என்ற வேகம் இரண்டு பைட்டில் எழுதியிருக்கும். 43ஐ 256ஆல் பெருக்கி 17ஐக் கூட்டினால் 11025. பிசிக்களில் இருந்த இன்டெல் சிப் சின்னதை முதலில் எழுதும்: 17, 43. அமிகாவில் இருந்த மோட்டரோலா சிப் பெரியதை முதலில் படிக்கும். அது 17ஐ 256ஆல் பெருக்கி 43ஐக் கூட்டியது, 4395 வந்தது. இரண்டரை மடங்கு மெதுவாக ஓடியதால்தான் யானைப் பிளிறல். கம்ப்யூட்டர்காரர்கள் இந்த இரு சாராருக்கும் வைத்த பெயர் ஜோனதன் ஸ்விஃப்டின் 'கலிவரின் பயணங்கள்' நாவலிலிருந்து வந்தது. முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சின்ன முனையில் உடைப்பதா என்று சண்டையிட்ட ஊர்க்காரர்கள் அதில் வருவார்கள். டேனி கோஹன் என்ற அறிஞர் 1980இல் எழுதிய கட்டுரையில் அந்தப் பெயரைப் பைட் வரிசைக்குச் சூட்டினார்.

சுவாரசியம் என்னவென்றால், டூமை எழுதியவர்கள் பயன்படுத்தியது 'நெக்ஸ்ட்' கம்ப்யூட்டர். அதில் இருந்ததும் மோட்டரோலா சிப்தான். எனவே பைட்டுகளைத் திருப்பிப் போடும் வேலையை அவர்கள் நிரலிலேயே முறையாகச் செய்து வைத்திருந்தார்கள். அமிகாவுக்குக் கொண்டுபோனவர்களுக்கு அந்த ஒழுக்கம் பெரிய உதவி.

இன்னும் சில சின்ன விஷயங்கள். டூம் சத்தத்தின் முன்னால் 16, பின்னால் 16 என்று வெறும் நிரப்பு பைட்டுகள் உண்டு. தலைப்பில் உள்ள எண்ணிக்கையில் இந்த 32ம் சேர்த்தி. அவற்றைக் கழித்துவிட வேண்டும். அமிகா அடுக்கில் பைட் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் கடைசியில் ஒரு பூஜ்ஜியம் வைத்து இரட்டையாக்க வேண்டும். ஆனால் அளவில் அதைச் சேர்த்து எழுதக் கூடாது.

வேகத்துக்கு பவுலாவின் வழி தனி. ஐரோப்பிய அமிகாவில் அதன் கடிகாரம் வினாடிக்கு 35,46,895 முறை துடிக்கும். எத்தனை துடிப்புக்கு ஓர் அளவு என்று முழு எண்ணாகச் சொல்ல வேண்டும். வகுத்துப் பார்த்தால் 321.7 வருகிறது, 322 என்று வைத்தால் வினாடிக்கு 11015 அளவுகள். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசம். எந்தக் காதுக்கும் தெரியாது. ஒலியின் ஒரு பைட்டைக்கூட மாற்றாமல் வேலை முடிந்தது.

சத்தம் இப்படி என்றால் இசை வேறு மாதிரி. பாபி பிரின்ஸ் அமைத்த டூம் இசை கோப்பில் ஒலியாகவே இல்லை. எந்த நேரத்தில் எந்தக் கருவி எந்த ஸ்வரத்தை எழுப்ப வேண்டும் என்ற குறிப்பாகத்தான் இருக்கிறது. சங்கீத நோட்டுப் புத்தகம் போல. நோட்டைப் பார்த்து யார் பாடுகிறார்களோ அவர்கள் குரலில்தான் பாட்டு வரும். ஆட்லிப் அட்டையில் ஒரு மாதிரி கேட்கும், ரோலண்ட் கருவியில் வேறு மாதிரி கேட்கும். அந்தக் குறிப்பு முறைக்குப் பெயர் 'மஸ்'. எல்லோரும் அறிந்த 'மிடி' முறையைச் சுருக்கி டி.எம்.எக்ஸ்.ஸுக்காகச் செய்தது. வினாடிக்கு 140 தாளத்துளிகள். மிடியில் மேளத்துக்கு 10ஆவது தடம். மஸ்ஸில் கடைசித் தடம். போன ஸ்வரத்தின் உரப்பே தொடர்ந்தால் அதை மறுபடி எழுதாது. இந்த வழக்கங்கள் தெரியாமல் மாற்றினால் மேளக்காரன் புல்லாங்குழல் வாசிப்பான்.

மஸ்ஸை மிடியாக்குவது ஒருவாறு நேர்க்கணக்கு. அமிகாவில் கேட்க அது மட்டும் போதாது. ஆட்லிப் அட்டையில் இருந்த யமஹா சிப் அமிகாவில் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் சிறு ஒலி மாதிரிகளைத் தேடி வைத்து, பாட ஆள் இல்லாத நோட்டுக்குப் புதிய பாடகரை நியமிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 1993இல் நீங்கள் கேட்ட அதே குரல் அல்ல.

என் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். விளையாட்டுச் சத்தத்துக்கு இவ்வளவு மெனக்கெடலா?

அமிகா அறிமுக விழாவில் ஆண்டி வார்ஹோல் என்ற பெரிய ஓவியர் மேடையிலேயே அந்தக் கம்ப்யூட்டரில் படம் வரைந்து காட்டினார். அவர் வரைந்து சேமித்த வேறு பல படங்கள் அவருடைய பிளாப்பிகளிலேயே இருந்தன. அந்தப் பிளாப்பிகள் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் யாரும் பார்க்க முடியவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் மன்றத்தார் அந்த வட்டுகளைப் படித்து, விவரம் தெரியாத கோப்பு முறையை உடைத்துப் புரிந்துகொண்ட பிறகு 2014இல்தான் அவை வெளிவந்தன. அந்த வேலையைச் செய்தவர்கள் பழைய கம்ப்யூட்டர்களை நோண்டுகிற ஆர்வலர்கள்தான். விளையாட்டுச் சத்தத்தில் பழகிய கைதான் இப்படிப்பட்ட வேலைக்கும் உதவுகிறது.

இப்போது நம் வீடு. பழைய பட்டன் செல்போனில் பேச்சைப் பதிந்தால் 'ஏ.எம்.ஆர்.' என்ற கோப்பாகச் சேமிக்கும். பேச்சுக்கென்றே உருவான முறை. வினாடிக்கு 8000 அளவுகள். பாட்டி தாலாட்டுப் பாடியது, தாத்தா ஊர்க் கதை சொன்னது என்று உங்களில் எத்தனையோ பேர் பிடித்து வைத்திருப்பீர்கள். என் அம்மா பேசியது நாற்பது வினாடி அப்படி ஒரு கோப்பில் என்னிடம் இருக்கிறது. போன வருஷம் புதிய போனுக்கு மாற்றி அழுத்திப் பார்த்தேன், 'இந்தக் கோப்பைத் திறக்க முடியாது' என்றது. ஒரு நிமிஷம் நெஞ்சு திக்கென்றது. நல்லவேளையாக அது விளக்கம் வெளியில் கிடைக்கிற முறை. பேத்தி வேறொரு நிரலில் போட்டுக் கேட்க வைத்துவிட்டாள். அந்த விளக்கம் டி.எம்.எக்ஸ். மாதிரி பூட்டிக் கிடந்திருந்தால் அம்மா குரல் கோப்பில் இருந்தும் எனக்குக் கேட்டிருக்காது.

ஆகவே எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம்.

ஒன்று, மூலக் கோப்பை அழிக்காதீர்கள். 128ஐக் கழித்தால் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் வேகத்தைக் குறைத்தாலோ எம்.பி.3 ஆகச் சுருக்கினாலோ போனது போனதுதான்.

இரண்டு, வேவ் போல விளக்கம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு முறையில் ஒரு பிரதி எடுத்து மூலத்துடன் சேர்த்து வையுங்கள்.

மூன்று, பக்கத்தில் யூனிகோட் தமிழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்கள். யாருடைய குரல், எந்த வருஷம், எந்த ஊர், எந்த போனில் பதிந்தது, என்ன கோப்பு வகை. 1985இல் 8 எஸ்.வி.எக்ஸ். எழுதியவர்கள் பெயருக்கும் குறிப்புக்கும் தனி அடுக்கு வைத்தார்கள். நாம் பெரும்பாலும் அந்த அடுக்கைக் காலியாகவே விட்டுவிடுகிறோம்.

கம்ப்யூட்டர் துறையில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நீங்கள் எழுதுகிற நிரல் சேமிக்கும் கோப்பின் விளக்கத்தை எங்கேயாவது ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள். நாளைக்கு உங்கள் கோப்பை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி விழிக்கப்போவது யாரோ ஒருவர்.

ஜெர்மனி மாணவன் நேற்று மறுபடி பேசினான். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து, "சார், கேளுங்க" என்றான். 'டப்' என்று ஒரே ஒரு சத்தம். சுத்தமாக இருந்தது. தம்பிக்கும் கேட்டது. "இதுக்காடா?" என்று மறுபடி சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து, "அண்ணே, அம்மா பேசினது உன்கிட்ட இருக்குன்னியே, எனக்கும் அனுப்பேன்" என்றான். மூலக் கோப்பு, வேவ் பிரதி, குறிப்பு மூன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்